சூறாவளிக்கு முன்பே வீடு வீடாக: மொரீஷியஸ் கிராமச் சேவைச் சங்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிரியோல் மொழியில் தகரத்துக்குத் 'தோல்' என்று பெயர். "கரோல் வந்த இரவு எங்கள் தோல் பறந்துபோய்விட்டது" என்று என் பாட்டி சொல்லும்போதெல்லாம், தமிழ் வகுப்பில் அப்போதுதான் உடல் உறுப்புகளின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு கலங்கும். 1960 பிப்ரவரியில் மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய அந்தச் சூறாவளிக்குப் பிறகுதான் இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. மாயேபூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் இன்று தகர வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அவை எந்தச் சந்தில் இருக்கின்றன, உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

சேவைச் சங்கத்தின் முழு வேலையும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். மாதாந்தரச் செய்தித் தாள், ஓடை சுத்தம் செய்வது, மரம் நடுவது, நிவாரணம் என்று நான்கு தனித்தனிக் குழு போட்டு நான்கு தலைவர்களை உட்கார வைக்கும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சங்கமும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. புகைப்படங்கள் நன்றாக இருந்தன. ஒரு பெருமழை நாளில் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மாற்றிக்கொண்ட முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சங்கப் பதிவு, வங்கிக் கணக்கு, ஆண்டுப் பொதுக்கூட்டம் எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: செய்தித் தாளைக் கையில் கொடுங்கள்

ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம். முன்பக்கம் கிரியோலில், பின்பக்கத்தில் ஒரு மூலை தமிழில். எங்கள் ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்தத் தமிழ் மூலையைப் பாட்டிகளுக்குப் படித்துக் காட்டப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். அப்படியாவது இரண்டு தலைமுறை ஐந்து நிமிடம் ஒன்றாக உட்காருகிறது.

என்ன எழுத வேண்டும்? தண்ணீர் நிறுத்தப்படும் நேரம், குப்பை லாரி வரும் நாள் மாறியது, எந்தச் சந்தில் தெருவிளக்கு எரியவில்லை, கோயிலில் கொடியேற்றம் என்றைக்கு, யார் வீட்டுப் பிள்ளை தேர்வில் தேறினான், யார் காலமானார். இறப்புச் செய்திதான் முதலில் படிக்கப்படுகிறது. அதற்கு வெட்கப்பட வேண்டாம். எழுதக் கூடாதது: சங்கத் தலைவரின் படம், கட்சி அரசியல், நன்கொடையாளரைப் பற்றிய பாராட்டுரை. ஒரு முறை அரைப் பக்கத்துக்கு ஒருவரைப் புகழ்ந்து எழுதினோம். அடுத்த மாதம் தாளை வாங்கியவர்களில் பலர் அதை மீன் சுற்ற வைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். ஆனால் தாளை ஆளுக்கு இருபது, இருபத்தைந்து வீடு என்று பிரித்துக்கொண்டு நடந்துபோய்க் கொடுங்கள். தபால் பெட்டியில் செருகிவிட்டு ஓடக் கூடாது. கதவைத் தட்டி, ஆள் முகம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சந்துக்கும் ஆண்டு முழுவதும் அதே ஆள் போக வேண்டும். நாய்க்கும் பழகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்கள்தான் சூறாவளி நாளில் உங்களுக்கு முக்கியமானவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

இரண்டாம் படி: பட்டியல்

மூன்று நான்கு மாதம் தாள் கொடுத்த பிறகுதான் குறிப்பேட்டை எடுக்க வேண்டும். முதல் நாளே எடுத்தால் வரி அதிகாரி என்று நினைத்துவிடுவார்கள். எழுத வேண்டியவை இவை: வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், மின்சாரம் போனால் ஆபத்தில் சிக்கக்கூடியவர் யார் (ஆக்சிஜன் இயந்திரம், குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய இன்சுலின்), கூரை தகரமா கான்கிரீட்டா, மழைத் தண்ணீர் உள்ளே வருமா, அவசரத்துக்கு எந்தப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடலாம். சாதி, மதம், கட்சி, சம்பளம் எதுவும் வேண்டாம்.

தண்ணீர் வருமா என்பதை நேராகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. இதை நான் ஓடைக்கரை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியிடம் கற்றுக்கொண்டேன்.

"பாட்டி, பெருமழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருமா?"

"வராது தம்பி. வந்தாலும் உடனே போய்விடும்."

"எவ்வளவு உயரம் வரும்?"

"அதெல்லாம் ஒன்றுமில்லை. நீ தேநீர் குடிக்கிறாயா?"

தேநீர் வரும்வரை கண்ணை ஓட்டினேன். துணி அலமாரியின் நான்கு கால்களும் இரண்டிரண்டு செங்கல் மேல் நின்றன. அரிசிப் பை ஆணியில் தொங்கியது. சுவரில் ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு, அதற்கு மேல் புதுச் சுண்ணாம்பு. அன்றிலிருந்து நாங்கள் "தண்ணீர் வருமா" என்று கேட்பதில்லை. "அரிசியை எங்கே வைப்பீர்கள், மெத்தையை எங்கே தூக்கிப் போடுவீர்கள்" என்று கேட்கிறோம். மானத்துக்கு அஞ்சி "தண்ணீர் வராது" என்பவர்கள்கூட இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

பட்டியலைத் தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு வெவ்வேறு வீடுகளில் பூட்டி வையுங்கள். செல்பேசிக் கோபுரம் விழுந்தால் கணினியில் இருக்கும் பட்டியல் எதற்கும் உதவாது. 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும்: எழுதுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், எதற்காக என்று சொல்லுங்கள், வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். தேர்தல் நேரத்தில் யாராவது "அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பார்க்கலாமா" என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். கொடுக்கவே கூடாது.

மூன்றாம் படி: இயற்கைப் பாதுகாப்பை ஓடையிலிருந்து தொடங்குங்கள்

2013 மார்ச் 30 அன்று தலைநகர் போர்ட் லூயியில் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 11 பேர் இறந்தார்கள். அது சூறாவளி அல்ல, வெறும் மழை. மலையடிவாரம் முழுக்க வீடாகவும் தார்ச்சாலையாகவும் ஆகி, இருக்கும் வடிகாலிலும் குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவில்தான் ஓடும். ஆகவே ஓடையில் கிடக்கும் பாட்டிலை எடுப்பது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல.

ஓடை வேலையை ஆண்டுக்கு மூன்று முறை வையுங்கள். அதில் ஒன்று அக்டோபரில் கட்டாயம் இருக்கட்டும். முந்தைய நாளே கிராம சபையிடம் லாரிக்குச் சொல்லிவிட வேண்டும். எடுத்த குப்பை கரையில் இரண்டு நாள் கிடந்தால் முதல் மழையில் திரும்ப ஓடைக்கே போய்விடும். எடுப்பதை எடை போடாவிட்டாலும் வகை பிரித்து எழுதுங்கள். எங்கள் ஓடையில் மூன்றாம் பாலத்துக்குக் கீழே எப்போதும் கட்டட மண்ணும் உடைந்த ஓடும் வந்துகொண்டிருந்தன. எழுதி வைத்ததால்தான் யாரோ இரவில் வண்டியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று தெரிந்தது. நாங்கள் போட்ட கூச்சலைவிட அந்த மூன்று பக்கக் குறிப்பு மாவட்ட சபையில் விரைவாக வேலை செய்தது.

ஈர நிலத்தைக் கவனியுங்கள். நாணல் முளைத்துக் கிடக்கும் சதுப்பு நிலம் மனை வாங்குபவர் கண்ணுக்கு வீணாகத் தெரியும். மலையிலிருந்து வரும் தண்ணீர் கடலுக்குப் போகும் முன் தங்குமிடம் அதுதான். எங்கள் பக்கத்துப் புவாந்த் தெனி ஈர நிலமும் புளூ பே கடல் பூங்காவும், உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. பெயர் பெறாத சின்னச் சதுப்புகளுக்கு அந்தக் காவல் இல்லை. அவற்றை மண் போட்டு மூடும் லாரியைக் கண்டால் அன்றே தேதியோடு படமெடுத்துச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.

மரம் நடுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. அமைச்சர் வந்து ஒரு கன்று நடுவார், கைதட்டுவோம், செப்டம்பர் வறட்சியில் கன்று காய்ந்துவிடும். தரமான இயற்கைக் காடு இந்தத் தீவில் 2 சதவீதத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது. அதை மீட்க வேண்டுமானால் நடுவதைவிடக் களையெடுப்பது முக்கியம். காட்டை விழுங்கும் களைகளில் முதன்மையானது, நாம் உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டு சுவைக்கும் கோயாவ் த ஷின் கொய்யா. பழம் பறிக்கக் குடும்பத்தோடு போகும் அதே ஊர்க்காரர்களிடம் அந்தச் செடியை வெட்ட வாருங்கள் என்று சொன்னால் முகம் சுருங்கும். "பழத்தைத் தின்றுவிட்டு வெட்டுங்கள்" என்று தாளில் எழுதினோம், ஓரளவு பலித்தது. தனியாகக் காட்டுக்குள் கத்தியோடு போகாதீர்கள். தேசியப் பூங்காத் துறையோடோ மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையோடோ சேர்ந்து போங்கள். எது நாட்டுக்கன்று, எது களை என்பது புதியவருக்குத் தெரியாது. அந்த அறக்கட்டளையின் ஈல் ஓ செக்ரெத் தீவு நம் கரையிலிருந்து பார்த்தாலே தெரியும், 26 ஹெக்டேர்தான். பிள்ளைகளை ஒரு முறை அங்கே கூட்டிப்போங்கள். 1990 வாக்கில் காட்டில் பத்து பறவையளவுக்குக் குறைந்துபோன இளஞ்சிவப்புப் புறாவை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

வௌவால் சண்டை தனி. லிச்சி பழுக்கும் நவம்பர், டிசம்பரில் நாம் 'சொசூரி' என்று திட்டும் பழந்தின்னி வௌவால், காட்டு மரங்களின் விதையைச் சுமந்து பரப்பும் உயிர். 2015 முதல் அரசே பல முறை அவற்றைக் கொன்று குறைத்துப் பார்த்தது. லிச்சி பறிபோவதாகச் சொல்லும் முறையீடு நிற்கவில்லை. சங்கம் செய்யக்கூடியது, இரண்டு மூன்று நல்ல வலைகளை வாங்கி முறை வைத்து வாடகையில்லாமல் கொடுப்பது. வலையைச் சட்டகத்தில் கட்டி இழுத்து இறுக்க வேண்டும். தளர விட்டால் வௌவாலும் குருவியும் சிக்கிச் சாகும். சூறாவளி எச்சரிக்கை வந்ததும் முதலில் இறக்க வேண்டியதும் அந்த வலைதான். காற்றில் பாய்மரம் போல விரிந்து மரத்தையே சாய்த்துவிடும்.

நான்காம் படி: அக்டோபரில் பாத்திரத்தை எண்ணுங்கள்

சூறாவளிக் காலம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சமூக நலக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லையென்றால் யாரிடம் என்று எழுதுங்கள். கயிறு, தார்ப்பாய், மண்வெட்டி, கைவிளக்கு, பேட்டரி வானொலி, கையுறை, ரம்பம் ஆகியவை யார் வீட்டில் இருக்கின்றன என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் சங்கம் வாங்க வேண்டியதில்லை.

சமையலுக்கு எங்களிடம் ஏற்கெனவே ஏற்பாடு இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. தைப்பூசக் காவடி நாளில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் கோயிலில் ஆளுயரக் கரண்டியும், இரண்டு பேர் தூக்க வேண்டிய அண்டாவும், எரிவாயு அடுப்பும், நூற்றுக்கணக்கானோருக்குக் கணக்குத் தெரிந்த சமையல்காரர்களும் இருக்கிறார்கள். காவடியும் சூறாவளிக் காலத்தின் நடுவில்தான் வருகிறது. கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கோயில் அண்டாவில் அசைவம் ஏறாது. அதனால் முஸ்லிம், கிறிஸ்தவர், சீனர் எல்லோரும் ஐயமின்றிச் சாப்பிடலாம். சோறு, பருப்பு, தக்காளிச் சட்னி. அதற்கு மேல் நினைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: எச்சரிக்கை வகுப்புகளுக்கு ஏற்ப நடப்பது

மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசக்கூடிய நேரத்துக்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு முதலாம் வகுப்பு எச்சரிக்கை வருகிறது. அன்றே பட்டியலை எடுத்துக்கொண்டு குறியிட்ட வீடுகளுக்கு மட்டும் போங்கள். மருந்து மூன்று நாளுக்கு இருக்கிறதா, தண்ணீர் நிரப்பியாயிற்றா, பறக்கக்கூடியவை முற்றத்தில் கிடக்கின்றனவா என்று பாருங்கள். இயந்திரத்தை நம்பி இருப்பவரை உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ மாற்றுவதை இப்போதே பேசி முடிக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பு, பகல் வெளிச்சத்தில் 12 மணி நேரமாவது மிச்சம் இருக்கும்படி அறிவிக்கப்படும். தகர வீட்டாரையும் ஓடைக்கரை வீட்டாரையும் நகர்த்த இதுதான் சரியான நேரம். முதியவர்கள் "எதிர்வீட்டார் போகட்டும், நான் இருக்கிறேன்" என்பார்கள். மாதாமாதம் தாள் கொடுத்தவரே போய் அழைக்க வேண்டும். புதுமுகம் போனால் எழமாட்டார்கள்.

மூன்றாம் வகுப்பில் பகல் வெளிச்சம் 6 மணி நேரம்தான் கையில் இருக்கும். தொண்டர்கள் வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வீரம் காட்டுபவரைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான்காம் வகுப்பில் வெளியே வரவே கூடாது. திடீரென்று காற்று நின்று வானம் தெளிந்தால் சூறாவளியின் கண் மேலே இருக்கிறது என்று பொருள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்பும்.

இந்த வகுப்புகள் காற்றை அளப்பவை, வெள்ளத்தை அல்ல. 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளி வந்தபோது வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்ப முடியாமல் தவித்ததையும், போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதையும் எல்லோரும் கண்டோம். எனவே ஓடைக்கரை வீடுகளுக்கு எங்களிடம் தனி விதி உண்டு: மூன்றாம் பாலத்தின் தூணில் அடித்த சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால், அறிவிப்பு எதுவாக இருந்தாலும் அவர்களை மேட்டுக்கு ஏற்றிவிடுவோம். ஒரு டப்பா வண்ணமும் ஒரு தூரிகையும்தான் செலவு.

ஆறாம் படி: முதல் மூன்று நாள்

எச்சரிக்கை நீக்கப்பட்டதும் பட்டியலின் வரிசையில் கதவைத் தட்டுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 114, தீயணைப்புக்கு 115, காவல்துறைக்கு 999. மற்றவற்றை நீங்களே செய்யலாம்.

ஒரு வெள்ளத்தின் மறுநாள், நல்ல மனம் கொண்ட ஒரு வியாபாரி லாரி நிறையத் தண்ணீர் பாட்டில்களை அனுப்பினார். அன்று குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டவை தென்னந்துடைப்பம், வாளி, ஜாவேல் என்னும் வெளுப்புத் திரவம், ரப்பர் கையுறை, உலர்ந்த மெத்தை. பாட்டில்களை அடுக்கி வைக்கவே ஆறு பேர் அரை நாள் செலவிட்டோம்; பிறகு அந்தக் காலி பாட்டில்களை ஓடையிலிருந்து நாங்களே பொறுக்கினோம். அதனால் உதவ வருபவரிடம் "எது வேண்டுமானாலும் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். பட்டியலைப் பார்த்து "பதினான்கு மெத்தை, முப்பது துடைப்பம்" என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். பழைய துணி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழகுங்கள்.

சேறு அள்ளுபவர்கள் காலணி, கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக் காய்ச்சல் வரும். ஜாவேலை அமிலத்தோடு கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். மூன்றாம் நாள் மொட்டை மாடிகளைப் பாருங்கள். மேல்மாடி எழுப்பப்போகிறோம் என்று கம்பி நீட்டி நிற்கும் நம் வீட்டுத் தளங்களில் தேங்கும் மழைநீர்தான் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில்.

ஏழாம் படி: கடலிலிருந்து வருவது

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெனிக்கு வெளியே பவளத் திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது, ஏறக்குறைய 1,000 டன். கரும்பு வெட்டும் பருவம் என்பதால் வயலெல்லாம் காய்ந்த சோகை கிடந்தது. மாயேபூர்க் கரையில் ஒருவர் துணியை நீளக் குழாயாகத் தைக்க, ஒருவர் சோகை திணிக்க, ஒருவர் மிதப்பதற்குக் காலி பாட்டிலைச் செருகிக் கட்ட, மனிதச் சங்கிலியாகத் தோளில் தூக்கிக் கடலில் இறக்கினோம். பாட்டி காலத்தில் கூரை வேய்ந்த சோகை அது. பெட்ரோல் நெடியில் மதியத்துக்குள் தலை சுற்றியது. முதல் நாள் எங்களில் யாரிடமும் சரியான முகமூடி இல்லை.

இன்னொரு முறை வந்தால் மாற்றிச் செய்யப்போவது இவை: சிறுவர்களையும் கருவுற்றவர்களையும் கரைக்கு விடாமல் தையல் கூடத்தில் நிறுத்துவது, ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துப் பெயரெழுதுவது, எண்ணெய் குடித்த சோகையைக் கண்ட இடத்தில் போடாமல் அதிகாரிகள் காட்டும் தொட்டியில் மட்டும் சேர்ப்பது. கடல் வேலை முடிந்த பின்னும் மீனவர் வீடுகளின் வருமானம் பல மாதம் படுத்திருந்தது. அந்த வீடுகள் பட்டியலில் இருந்ததால் அரிசிப் பை சரியான கதவுக்குப் போனது.

எட்டாம் படி: கணக்கு

அவசரக் காலத்தில் ரசீது கேட்பது அநாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆறு மாதம் கழித்து வதந்தி கிளப்புபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். பணம் தொடுபவர் இரண்டு பேர், கையெழுத்து இரண்டு, ரொக்கம் அன்றைக்கே வங்கிக்கு. கொடுத்த பொருளுக்கு வீட்டு எண் போதும். வாங்கியவர் பெயரையும் முகத்தையும் தாளில் போடாதீர்கள். வரவுசெலவு முழுவதையும் அடுத்த மாதத் தாளின் பின்பக்கத்திலும் கோயில் பலகையிலும் ஒட்டுங்கள்.

சென்ற முறை ஒட்டியபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வரி வரியாகப் படித்தார். "செயலாளர் ஐயா, வெள்ள நிவாரணத்தில் கற்பூரம் எப்படி வந்தது? நாற்பது ரூபாய்." அடுப்பு பற்றவைக்கும் முன் சமையல்காரர் கேட்டார், நான் வாங்கிக் கொடுத்தேன் என்றேன். "அது கோயில் கணக்கு, வெள்ளக் கணக்கு அல்ல" என்றார். நாற்பது ரூபாயை என் பையிலிருந்து எடுத்துக் கட்டி, திருத்திய தாளை அதே இடத்தில் ஒட்டினேன்.